கோதாவிலிருந்து கொட்டகைக்கு

மல்யுத்த வீரர் ஒருவர் திரைப்படத்தில் நடித்தார் என்றால் நம்மில் பலர் இரண்டு வகையாகச் சிரிக்கிறோம். "அவர் கோதாவில் போட்டதே பொய்ச் சண்டைதானே!" என்பது ஒரு சிரிப்பு. "அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவருக்கு நடிப்பு எங்கே வரும்?" என்பது மற்றொரு சிரிப்பு. ஒரே வாயிலிருந்து இரண்டும் வருவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இவை ஒன்றையொன்று வெட்டுகின்றன என்பதை மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கோதாவில் போட்டது பொய்ச் சண்டை என்றால், ஆயிரக்கணக்கானவர் எதிரே அதை மெய்யென நம்பவைத்தவர் நடிகர் அல்லாமல் வேறு யார்?

இந்த வினாவுக்கு விடை தேட நான் எடுத்துக்கொண்டவர் தாரா சிங். தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வந்தவர் என்ற அளவில் தமிழர்களாகிய நமக்கு அவரைத் தெரியும். நாம் வந்து படிக்கும் இந்த வடநாட்டிலோ அவர் பெயர் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. விடுதியில் யாரேனும் தோளை நிமிர்த்தி நடந்தால், "நீ என்ன பெரிய தாரா சிங்கா?" என்று கேட்கிறார்கள். ஒரு மனிதர் பழமொழியாவது எளிதன்று. 1952 முதல் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவர் திரையில் தோன்றியிருக்கிறார். அவர் எப்படித் தோன்றினார், எந்தக் குரலில் பேசினார் என்று பார்த்தால், அவர் கதை நம் கதைக்கும் அருகில் வருகிறது.

மண்ணும் மேடையும்

தாரா சிங் 1928ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் பஞ்சாபில் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்மூசக் என்ற சிற்றூரில் பிறந்தவர். இளமையில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்று, ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தம் பயின்றார். ஆம், அவரும் ஊரைவிட்டு வந்த ஒருவர்தாம்.

இங்கே இரு வகை மல்யுத்தத்தை வேறுபடுத்திக் காண வேண்டும். ஒன்று, கொத்திப் பதப்படுத்திய மண்ணில் நடக்கும் குஸ்தி. எதிரியின் முதுகை மண்ணில் படவைத்தால் வெற்றி. வட இந்தியச் சிற்றூர்களில் இது இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் நாட்டிலும் மல்லுக்குப் பெருமை இருந்தது. பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்ற பெயரைப் பட்டமாகவே சூடிக்கொண்டான். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது.

மற்றொன்று, கயிறு கட்டிய சதுர மேடையில் நுழைவுச் சீட்டு வாங்கியவர்கள் முன் நடப்பது. 'ஃபிரீ ஸ்டைல்' என்று நம் நாட்டார் அழைத்தது இதைத்தான். இதில் வெற்றி தோல்வி பெரும்பாலும் முன்னரே பேசி வைத்தது. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலச் செனட் சபையில், இதை நடத்தும் பெரிய நிறுவனத்தாரே இது போட்டியன்று, கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். விளையாட்டுப் போட்டிகளுக்குரிய வரியும் கட்டுப்பாடும் தங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே ஒப்புக்கொண்டார்கள்!

தாரா சிங் இந்த இரு வகையையும் அறிந்தவர். 1954இல் 'ருஸ்தம்-ஏ-ஹிந்த்' பட்டம் பெற்றார். 1959இல் கல்கத்தாவில் கனடா நாட்டு ஜார்ஜ் கார்டியென்கோவை வென்று காமன்வெல்த் வீரரானார். 1968இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்றார். நானூறு பவுண்டு எடையுள்ள 'கிங்காங்' என்ற ஹங்கேரிய மல்லரை அவர் தூக்கிச் சுழற்றியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள்.

விழுவது ஒரு வித்தை

பேசிவைத்த சண்டை என்றதும், "அப்படியானால் அடிபடாது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான் இயற்பியல் மாணவன். ஆகையால் இதைக் கணக்காகச் சொல்கிறேன்.

நூறு கிலோ எடையுள்ள ஒருவரை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுவதாகக் கொள்வோம். தரையைத் தொடும்போது அவர் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர். சிமெண்டுத் தரையில் விழுந்து நூற்றில் ஒரு நொடியில் அவர் உடல் நின்றுவிட்டால், அதன்மேல் விழும் சராசரி விசை ஏறத்தாழ 54,000 நியூட்டன். எலும்பு தாங்காது. அதே உடல் பத்தில் ஒரு நொடி எடுத்துக்கொண்டு நின்றால் விசை பத்தில் ஒரு பங்காகிறது. கிரிக்கெட்டில் பந்தைப் பிடிப்பவன் கையைப் பின்னே இழுத்துக்கொள்வது எதற்காக? அதே கணக்குத்தான் இங்கும்.

மேடையும் அதற்கேற்றவாறு அமைந்தது. இரும்புச் சட்டத்தின்மேல் மரப் பலகை, அதன்மேல் மெல்லிய மெத்தை, அதன்மேல் கித்தான். பலகை சற்றே வளைந்து கொடுக்கிறது. 'தடால்' என்ற பேரொலியும் அதிலிருந்தே பிறக்கிறது. விழுபவர் மோவாயை மார்போடு ஒட்டவைத்துக்கொள்கிறார். தலை பின்னால் மோதாமல் இருக்க அது காப்பு. முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படுமாறு விழுகிறார். கைகளையும் விரித்து அறைகிறார். விசை ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடுகிறது. இத்தனையையும் ஒரு நொடிக்குள் செய்ய வேண்டும். செய்துகொண்டே முகத்தில் தாங்கொணா வலியையும் காட்ட வேண்டும். வலி உண்மையில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

இன்னொரு செய்தியும் உண்டு. நானூறு பவுண்டு மனிதர், தம்மைத் தூக்கக் கூடாது என்று உடலைத் தளர்த்திக் கால்களைப் பரப்பிக் கிடந்தால் அவரைத் தலைக்குமேல் தூக்குவது அனேகமாக இயலாது. தூக்கப்படுபவரும் தம் எடையை இசைவாகத் தூக்குபவர்மேல் சாய்த்துத்தான் எழும்புகிறார். அதாவது, தோற்பவரின் கலை இல்லாமல் வெல்பவரின் புகழ் இல்லை. இரண்டு பேர் ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைத்துவிட்டு, பகைவரைப்போல் நடிக்கிறார்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் கோபம், அச்சம், வெற்றி எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒலிபெருக்கி இல்லை. மறுமுறை எடுத்துக்கொள்ள வாய்ப்பும் இல்லை. இது நடிப்பு இல்லையென்றால் எது நடிப்பு?

எளியோர் கண்ட நாயகன்

தாரா சிங் முதலில் திரையில் தலைகாட்டியது 1952இல் வந்த 'சங்தில்' என்ற படத்தில். பின்னர் 1962இல் பாபுபாய் மிஸ்திரி இயக்கிய 'கிங்காங்' படத்தில் நாயகரானார். இது அமெரிக்கக் குரங்குப் படத்தின் தழுவல் அன்று. அரசர் காலத்து மாயாஜாலக் கதை. பாபுபாய் மிஸ்திரி தந்திரக் காட்சிகளில் பெயர் பெற்றவர். 1937ஆம் ஆண்டிலேயே கண்ணுக்குத் தெரியாத கறுப்பு நூலால் பொருள்களைத் தாமாக நகர்வதுபோல் காட்டியவர். அத்தகையவர் கையில் ஒரு மாமல்லர் கிடைத்தால் கேட்க வேண்டுமா? 1963இல் 'ஃபவுலாத்', 1964இல் 'சாம்சன்', 'ஹெர்குலிஸ்', 'வீர் பீம்சேன்', 1965இல் 'டார்ஜான் கம்ஸ் டு டெல்லி' என்று வரிசையாகப் படங்கள் வந்தன. 1967இல் டி. பி. சுந்தரம் இயக்கிய 'சாந்த் பர் சடாயீ'யில் தாரா சிங் நிலாவுக்கே போனார். மனிதன் உண்மையாக அங்கே கால் வைத்தது 1969இல்தான்!

கற்றோர் இப்படங்களை மதிக்கவில்லை. இவை 'ஸ்டண்ட்' படங்கள், மூன்றாந்தரம் என்றார்கள். பெயர்பெற்ற நடிகையர் பலர் இத்தகைய படங்களில் நடிக்க முன்வரவில்லை. துணை வேடங்களில் நடித்துக்கொண்டிருந்த மும்தாஜ் என்ற இளம்பெண் அப்பொழுது நாயகியானார். இருவரும் சேர்ந்து நடித்தவை பதினாறு படங்கள். 'ஸ்டண்ட் பட நடிகை' என்ற முத்திரை மும்தாஜ்மேலும் விழுந்தது. ஆனால் 1969இல் 'தோ ராஸ்தே' வந்தது. 1970இல் வந்த 'கிலோனா' அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதைத் தேடித் தந்தது. கற்றோர் ஒதுக்கிய வாசல் வழியாகவே ஒரு சிறந்த நடிகை உள்ளே வந்தார்.

1965ஆம் ஆண்டுப் படமொன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். 'சிக்கந்தர்-ஏ-ஆஸம்' என்பது அதன் பெயர். அதில் தாரா சிங் மாவீரன் அலெக்சாண்டர். பிருதிவிராஜ் கபூர் போரஸ் மன்னன். இதே பிருதிவிராஜ் 1941இல் சோராப் மோடியின் 'சிக்கந்தர்' படத்தில் அலெக்சாண்டராக நடித்துப் புகழ் பெற்றவர். நாடக மேடையின் சிங்கமான அவர் தாம் அணிந்த முடியை ஒரு மல்லருக்கு விட்டுக்கொடுத்து, எதிரே நின்று நடித்தார்.

இரவல் குரல்

ஆனால் இந்த வெற்றியில் ஒரு குறை மறைந்திருந்தது. தொடக்ககாலப் படங்கள் பலவற்றில் நாம் கேட்கும் குரல் தாரா சிங்கினுடையது அன்று. உடல் அவருடையது; குரல் இரவல். அவருடைய ஹிந்தியில் பஞ்சாபிச் சிற்றூரின் வாடை வீசியதே காரணம். அரசனும் படைத்தலைவனும் பேசும் வசனத்துக்கு மெருகேறிய உருதுச் சொல்லோட்டம் வேண்டும் என்பது அக்காலத்துப் படவுலகின் எண்ணம். கிங்காங்கைத் தூக்கியவர் ஒரு சொல்லைத் 'திருத்தமாக' உச்சரிக்க இயலாமல் மற்றொருவருக்கு வாயசைத்தார்.

நண்பர்களே, இது நமக்குப் புரியாத துன்பமா? நம் சங்கத்துக்கு வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் நான்கு மாதம் கடையில் விரலால் சுட்டிக்காட்டியே சோப்பும் நோட்டுப் புத்தகமும் வாங்கினார். வாய் திறந்தால் ஆண்பாலும் பெண்பாலும் இடம் மாறிவிடும், சிரிப்பார்கள் என்ற அச்சம். இரண்டாம் ஆண்டு முதுகலை மாணவனாகிய நான் ஆய்வுக்கூடத்தில் கருவியின் பழுதை ஹிந்தியில் விளக்கினால், பழுதைப் பற்றிக் கேட்பதற்கு முன் என் உச்சரிப்பைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை, வேடிக்கைதான். ஆனால் வேடிக்கை நாள்தோறும் நடந்தால், மனிதன் குறைவாகப் பேசக் கற்றுக்கொள்கிறான். அறிவில் குறைவில்லாத நம் மாணவர் எத்தனை பேர் கருத்தரங்கில் கடைசி வரிசையில் வாய்மூடி இருக்கிறார்கள்! ஹிந்தியையே தாய்மொழிக்கு அண்டை மொழியாகக் கொண்ட பஞ்சாபியருக்கே அந்த நிலை என்றால் நம் நிலையைச் சொல்ல வேண்டுமா?

ஆகையால் தாரா சிங்கின் குரல் பிறகு என்னவாயிற்று என்பதை அறிய ஆவல் கொண்டேன்.

அனுமன் வேடம்

1970இல் ராஜ் கபூரின் 'மேரா நாம் ஜோக்கர்', 1971இல் ஹிருஷிகேஷ் முகர்ஜியின் 'ஆனந்த்' ஆகிய படங்களில் அவர் சிறு வேடங்களில் வந்தார். 'ஆனந்த்' படத்தில் பயில்வானாகவே வருகிறார். 1976இல் 'பஜ்ரங்பலி' என்ற படத்தில் அனுமனானார். 1983இல் மல்யுத்தத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

பின்னர் 1987 சனவரி 25ஆம் நாள் ராமானந்த் சாகரின் இராமாயணம் தூர்தர்ஷனில் தொடங்கியது. 1988 சூலை வரை ஞாயிறு காலைகளில் நாடே பெட்டிக்கு முன் அமர்ந்தது. ஹிந்தி தெரியாத நம் ஊர்ப் பாட்டிமாரும் அமர்ந்தார்கள். கதை தெரிந்தவர்களுக்கு மொழி எதற்கு? அதில் அனுமனாக நடிக்கையில் தாரா சிங்குக்கு அறுபதை எட்டும் வயது.

இந்த வேடம் அவருக்கு வந்தது தற்செயல் அன்று. வடநாட்டு மல்லர்களின் பயிற்சிக் களத்தில் அனுமனுக்கு ஒரு மாடமோ சிலையோ இல்லாமல் இராது. மல்லர் குலதெய்வம் அவரே. வென்ற மல்லருக்குக் கதாயுதத்தைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. களத்தில் இறங்குமுன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குருவின் காலைத் தொடுவது மல்லரின் முதல் பாடம். தாரா சிங் இராமன் முன் கைகூப்பி அமரும் காட்சியைப் பாருங்கள். அத்தனை பெரிய உடல் அத்தனை இயல்பாகக் குனிகிறது. வலிமையுள்ளவன் பணிவது எப்படி என்று அவருக்கு எந்த இயக்குநரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்த வேடத்தில் முகத்தின் கீழ்ப்பாதியை ஒப்பனை மூடிவிடுகிறது. உதடும் கன்னமும் பயன்படா. எஞ்சியவை கண், தோள், நடை, குரல். சாதாரண நடிகருக்கு இது பாதி கை கட்டப்பட்ட நிலை. கடைசி வரிசைக்கும் தெரியுமாறு உடலால் பேசிப் பழகியவருக்கோ இது சொந்த வீடு.

குரலோ, இம்முறை அவருடையதே. அதே கரகரப்பு, அதே பஞ்சாபி வாடை. இதில் ஒரு வியப்பு இருக்கிறது. காப்பியத்தில் அனுமன் வெறும் வலியன் அல்லன், சொல்வன்மை மிக்கவன். முதல் சந்திப்பிலேயே அவன் பேச்சைக் கேட்டு இராமன் வியந்ததை வான்மீகியும் சொல்கிறார், கம்பரும் சொல்கிறார். உச்சரிப்பு சரியில்லை என்று முன்பு இரவல் குரல் கொடுக்கப்பட்டவர், சொல்லுக்குப் புகழ்பெற்ற அனுமனாகத் தம் சொந்தக் குரலில் நாட்டின் முன் பேசினார். நாடு அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கும்பிட்டது. 2020இல் கொள்ளைநோய்க்காக நாடு வீட்டுக்குள் அடங்கியிருந்தபோது அத்தொடர் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. அவர் மறைந்து எட்டாண்டு ஆகியிருந்தும் அக்குரல் மீண்டும் வீடுதோறும் கேட்டது.

பி. ஆர். சோப்ராவின் மகாபாரதத் தொடரிலும் அவர் அனுமனாக வந்தார். அதில் பீமனாக நடித்த பிரவீண் குமார், 1966, 1970 ஆசியப் போட்டிகளில் வட்டெறிதலில் தங்கம் வென்றவர். 1990இல் வந்த 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் பீம்பாயாக வந்து நம்மைச் சிரிக்கவைத்தவரும் அவரே. கிழக் குரங்கின் வாலைப் பீமனால் அசைக்க முடியாமல் போகும் கதை நாமறிந்ததே. தூக்கப்பட விரும்பாதவரைத் தூக்க முடியாது என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தக் கோதா உண்மையைக் காப்பியம் முன்னரே அறிந்திருக்கிறது!

முதுமையில்

2003 முதல் 2009 வரை தாரா சிங் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். விளையாட்டு வீரர் ஒருவர் அவ்வாறு நியமிக்கப்பட்டது அதுவே முதல் முறை. 2007இல் வந்த 'ஜப் வீ மெட்' படத்தில் பஞ்சாபிக் குடும்பத்துப் பாட்டனாராக வந்தார். இளையவர்களை ஒரு பார்வையில் அளந்துவிடும் முதியவர் வேடம். அங்கே அவருடைய பஞ்சாபி வாடையே வேடத்தின் உயிர். 2012 சூலை 12ஆம் நாள் மும்பையில் காலமானார்.

1962இல் குறையென மறைக்கப்பட்ட பேச்சு 2007இல் தேவையெனத் தேடப்பட்டது. இடையில் அவர் தம் நாவை மாற்றிக்கொள்ளவில்லை. நாட்டின் செவிதான் மாறியது. அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் அவர் இரவல் குரலோடும் உழைத்தார், சொந்தக் குரலோடும் உழைத்தார். ஆனால் மேடையை விட்டு மட்டும் இறங்கவில்லை.

மல்லர் நடிகரானார் என்று சொல்வது பாதி உண்மையே. மல்லர் முன்பே நடிகராக இருந்தார். கொட்டகை அதைக் கண்டுகொள்ள நேரமாயிற்று. விடுதிப் பொது அறையில் அவருடைய பழைய படம் ஓடினால் எழுந்து போய்விடாமல் சிறிது நேரம் அமர்ந்து பாருங்கள். எதிரி விழும்போது அவன் மோவாயையும் விரித்த கைகளையும் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பேசுகிறவர் யார் என்று கேளுங்கள். மறுநாள் கருத்தரங்கில் உங்கள் முறை வரும்போது, உங்கள் தஞ்சாவூர் ஹிந்தியிலோ திருநெல்வேலி ஆங்கிலத்திலோ தயங்காமல் கேள்வியைக் கேளுங்கள். கேள்வி நம்முடையது; குரலும் நம்முடையதாகவே இருக்கட்டும்.